பழைய லாரியும் இயந்திரச் சூடும்



ஐதராபாத் நகரிலிருந்து மும்பை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், நகரின் வடமேற்கு ஓரத்தில் அமைந்த ஊர் ராமச்சந்திராபுரம். அதற்கு அடுத்தது பட்டான்செரு. 1960களில் செக்கோஸ்லோவாக்கிய நாட்டின் தொழில்நுட்பத் துணையோடு, மின்சாரம் உண்டாக்கும் நீராவிச் சுழலிகளைச் செய்யும் பெருந்தொழிற்சாலை இவ்வூரில் எழுந்தது. இன்று அது பாரத மிகுமின் நிறுவனத்தின் ஓர் அங்கம். அதே நாட்டின் துணையோடு, அதே காலத்தில், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெறும்பூரில் கொதிகலன் தொழிற்சாலை எழுந்தது. ஆகவே, தமிழ்நாட்டில் பிறந்த கொதிகலனும் ராமச்சந்திராபுரத்தில் பிறந்த சுழலியும் உறவு முறை உடையவை என்று நாம் விளையாட்டாகச் சொல்லிக்கொள்வதுண்டு. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் இங்கே வேலைக்கு வந்து குடியேறியவர்களுள் தமிழரும் உண்டு. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கங்களிலிருந்து பாரம் ஏற்றிவரும் லாரிகளும் இச்சாலையில் நாள்தோறும் கடந்து செல்கின்றன. ஊர்ப்பெயர் தமிழில் எழுதிய ஒரு லாரியைக் கண்டால் சாலையோரத்தில் நின்று நலம் விசாரிப்பது, வெளியூரில் வாழும் தமிழர் எவருக்கும் இயல்பான வழக்கமே.

அவ்வாறு விசாரிக்கப் போன இடத்தில் நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறிவிட்டு, அதிலிருந்து இன்றைய பொருளுக்கு வருவோம்.

சில ஆண்டுகட்கு முன், கத்திரி வெயில் கொளுத்திய ஒரு மே மாதப் பிற்பகல். நாமக்கல் பக்கத்துப் பழைய லாரி ஒன்று சாலையோரம் நின்றிருந்தது. முன்மூடி திறந்திருக்க, உள்ளிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ஓட்டுநரே அதன் உரிமையாளர். ஐம்பது வயதை நெருங்கியவர். கூட இருந்த கிளீனர் பையன் அப்பயணத்தில்தான் முதன்முறையாகத் தமிழ்நாட்டின் எல்லையைத் தாண்டியவன். அருகிலிருந்த பட்டறையிலிருந்து வந்த முதிய தெலுங்கு மேஸ்திரி ஒருவர், இயந்திரத்தின்மேல் கையை ஓங்கிப் பார்த்துவிட்டு, "சாலா வேடி அயிந்தி" என்றார். பையன் இரண்டடி பின்வாங்கி, "அண்ணே, வெடிச்சிடும் என்கிறாரே, தள்ளி வந்துடுங்க!" என்று கூவினான். தெலுங்கில் 'வேடி' என்றால் சூடு என்று பொருள். நாம் அதை விளக்கியதும் மேஸ்திரியும் சேர்ந்து சிரித்தார். ஓட்டுநர் மட்டும் சிரிக்கவில்லை.

அவருடைய நிலைமை சிரிப்பதற்குரியதன்று. சேலத்தைத் தாண்டித் தொப்பூர் ஏற்றத்தில் ஏறும்போதே இயந்திரம் சூடேறியதாம். கர்நூலுக்கு வருமுன் மூன்று முறை நிறுத்தித் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். வழியில் ஒரு பட்டறையில் ரேடியேட்டர் மூடியை மாற்றினார்கள். மற்றொன்றில் பெல்ட்டை மாற்றினார்கள். மூன்றாவதில், சிலிண்டர் தலைப்பகுதியையே கழற்ற வேண்டுமென்று கூறி, அதற்கு ஒரு பெருந்தொகையும் கேட்டுவிட்டார்கள். வண்டியின் மேல் வாங்கிய கடனுக்குத் தவணை நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவியின் வளையலை அடகு வைக்கும்படி வீட்டிற்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

நேயர்களே! பழைய லாரி ஒன்றை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இயந்திரச் சூடு என்பது தண்ணீர் ஊற்றி மறந்துவிடும் சிறு தொல்லையன்று, பிழைப்பையே கவிழ்க்கவல்லது. ஆயினும், அதன் காரணங்கள் எண்ணி முடிக்கத்தக்கவை. முறையாகத் தேடினால் அகப்படுபவை. அவற்றை அறிந்துகொள்ள இயந்திர நூல் எதையும் கற்றிருக்க வேண்டுவதில்லை. இயந்திரத்தின் உள்ளே நீர் எவ்வழியே ஓடுகிறது என்பது தெரிந்தால் போதும்.

டீசல் இயந்திரத்தின் உருளைக்குள் எரியும் வாயுவின் வெப்பம் இரண்டாயிரம் டிகிரி செல்சியஸை எட்டும். ருடால்ப் டீசல் 1897ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் சோதித்துக் காட்டிய இயந்திரம், எரிபொருளிலுள்ள ஆற்றலில் சுமார் 26 விழுக்காட்டைத்தான் உழைப்பாக மாற்றியது. அக்காலத்திற்கு அது பெருஞ்சாதனை. இன்றும் நம் பழைய லாரிகளில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் உழைப்பாகிறது. மற்றொரு பெரும்பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சிய வெப்பத்தை நீர் ஏந்திச் சென்று காற்றில் விட்டாக வேண்டும். அதாவது, லாரியை மேட்டில் ஏற்றுவதற்கு எவ்வளவு ஆற்றல் தேவைப்படுகிறதோ, ஏறத்தாழ அதற்கு ஈடான வெப்பத்தை ரேடியேட்டர் அந்நேரத்தில் இறைத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அது சற்றே சோர்ந்தாலும், சேரும் வெப்பம் போவதற்கு வழியின்றி இரும்பிலேயே தங்கிவிடும்.

நீரின் பயணம் இதுதான். ரேடியேட்டரின் அடித்தொட்டியிலிருந்து கீழ் ஹோஸ் வழியாக வாட்டர் பம்ப் நீரை இழுக்கிறது. பம்ப் அதனை இயந்திரத்தின் உடலுக்குள் தள்ளுகிறது. நீர் லைனர்களைச் சுற்றி ஓடி, மேலேறிச் சிலிண்டர் தலையைக் குளிர்வித்து, தெர்மோஸ்டாட் என்னும் வெப்ப வாயிலை அடைகிறது. அது திறந்திருந்தால் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டரின் மேல்தொட்டிக்கு வந்து, மெல்லிய குழல்கள் வழியே கீழிறங்குகிறது. விசிறி இழுக்கும் காற்று அக்குழல்களுக்கிடையே புகுந்து வெப்பத்தை வாங்கிச் செல்கிறது. 1900ஆம் ஆண்டின் இறுதியில் வில்ஹெல்ம் மேபாக் என்பவர் மெர்சிடிஸ் காருக்காகத் தேனடை போன்ற ரேடியேட்டரை அமைத்தார். காற்று படும் பரப்பைச் சிறிய இடத்தில் பெருக்கிக் காட்டிய அந்தத் தத்துவமே இன்றுவரை நிலவுகிறது.

இவ்வழியில் எந்த இடத்தில் தடை நேர்ந்தாலும் சூடு ஏறும். தடை எங்கே என்பதைக் கண்டறிய, அந்த முதிய மேஸ்திரி கையில் ஸ்பானரை எடுக்குமுன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டார்: "எப்பொழுது சூடேறுகிறது?" இக்கேள்வியின் அருமையை நாம் அன்றுதான் உணர்ந்தோம்.

நெரிசலில் மெல்ல ஊரும்போது மட்டும் சூடேறி, வேகமாக ஓடும்போது தணிந்துவிட்டால், குறை பெரும்பாலும் காற்றைச் சார்ந்தது. ஓடும் வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடுகிறது; நிற்கும்போது விசிறி தன் வேலையைச் செய்வதில்லை என்பது இதனால் விளங்கும். இதற்கு மாறாக, நெரிசலில் ஒழுங்காக இருந்து, பாரத்தோடு விரைந்து ஓடும்போதும் நெடிய ஏற்றத்திலும் மட்டும் சூடேறினால், குறை நீரோட்டத்தில் இருக்கிறது. இயந்திரத்தைக் கிளப்பிய சில நிமிடங்களிலேயே முள் உச்சிக்குப் போனால், நீர் குறைந்திருக்கிறது, அல்லது தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டது, அல்லது தலைப்பகுதியின் கேஸ்கட் பழுதாகியிருக்கிறது. தரையில் ஒரு சொட்டும் ஒழுகாமல் நாள்தோறும் நீர் குறைந்துவந்தால், அது இயந்திரத்தின் உள்ளேயே எங்கோ போகிறது. இந்நான்கு அடையாளங்களையும் நினைவிற் கொண்டால், பாதித் தேடல் முடிந்தது எனலாம். முதலில் அளவுமானியே பொய் சொல்லவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுதலும் நன்று. பழைய வண்டிகளில் கம்பித் தொடர்பு கெட்டு முள் தவறாக ஏறுவதும் உண்டு. ஏறாமலே ஏமாற்றுவதும் உண்டு.

இனி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். காற்றைச் சார்ந்த குறைகள் எளியவை. ஃபேன் பெல்ட்டின் நீண்ட பகுதியின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால், பத்து முதல் பதினைந்து மில்லிமீட்டர் வரை தாழ்ந்தால் போதும். அதற்குமேல் தாழ்ந்தால் பெல்ட் வழுக்குகிறது; அறவே தாழாவிட்டால் பம்பின் பேரிங் தேய்ந்துபோகும். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போல் பளபளத்தால், அதனை இறுக்கிப் பயனில்லை, மாற்றிவிட வேண்டும். விசிறியைக் கழற்றி மாட்டியவர் முன்பின்னாக மாட்டிவிட்டால், அது சுழலத்தான் செய்யும்; ஆனால் இழுக்கும் காற்று பெரிதும் குறைந்துவிடும். விசிறியைச் சூழ்ந்த தகட்டுக் கூடு உடைந்ததென்று எறிந்துவிடுகிறவர்கள் உண்டு. அக்கூடு இல்லாவிட்டால், விசிறி ரேடியேட்டர் வழியே வரும் காற்றை இழுக்காமல், பக்கத்திலுள்ள சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருக்கும்.

ரேடியேட்டரின் முகத்தில் படியும் பஞ்சு, வைக்கோல் தூசு, பூச்சிகள் ஆகியவை காற்றின் வழியை அடைக்கும். பருத்தியும் தவிடும் ஏற்றும் வண்டிகளில் இது மிகுதி. கழுவும்போது இயந்திரத்தின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை மெதுவாகப் பீய்ச்ச வேண்டும். வந்த வழியே அழுக்கு வெளியேறும். சர்வீஸ் நிலையத்தின் முழு அழுத்த நீரை நெருக்கத்தில் அடித்தால், மெல்லிய தகடுகள் மடிந்து காற்று வழி நிரந்தரமாக அடைபடும்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. கையளவே உள்ள இப்பொருளைப் பலரும் ஒரு தட்டு என்றே கருதுகின்றனர். உண்மையில் அது ஓர் அழுத்த வால்வு. ராமச்சந்திராபுரம் கடல்மட்டத்திற்கு மேல் ஐந்நூறு மீட்டருக்கும் சற்று உயரத்தில் இருப்பதால், திறந்த பாத்திரத்தில் நீர் இங்கே 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். சதுர அங்குலத்திற்கு 7 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கும் மூடி ஒன்று, அந்தக் கொதிநிலையை ஏறத்தாழ 110 டிகிரிக்கு உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் வெடித்தோ, வில் தளர்ந்தோ போனால் இப்பாதுகாப்பு முழுவதும் போய்விடும். அம்மூடியில் மற்றொரு சிறு வால்வும் உண்டு. இயந்திரம் ஆறும்போது உள்ளே வெற்றிடம் தோன்றாதபடி அது வெளிக்காற்றையோ, உபரித் தொட்டியின் நீரையோ உள்ளே விடுகிறது. இரவில் ஆறிய வண்டியில் மேல் ஹோஸ் சப்பிக் கிடந்தால், அவ்வால்வு அடைத்துக்கொண்டது என்று அறியலாம். இத்தகைய மூடிகளைச் சென்னையைச் சேர்ந்த சுந்தரம் பாஸ்னர்ஸ் நிறுவனம் 1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திற்கே செய்து அனுப்பியது. உலகம் மதிக்கும் பொருளை நம்மவர் செய்யும்போது, அளவு பொருந்தாத ஏதோ ஒரு மூடியைத் துணி சுற்றி மாட்டிக்கொண்டு நாம் ஓட்டுவது முறையாகுமா?

தெர்மோஸ்டாட்டைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. "நம் நாடு வெப்ப நாடு, இது எதற்கு?" என்று அதைக் கழற்றி எறிந்துவிடுவது பல பட்டறைகளின் வழக்கம். நாம் கண்ட அந்த லாரியிலும் அது இல்லை. பல இயந்திரங்களில் தெர்மோஸ்டாட் ரேடியேட்டருக்குச் செல்லும் வாயிலைத் திறக்கும்போதே, இயந்திரத்திற்குள் நேராகத் திரும்பும் குறுக்கு வழியை அடைக்கிறது. அதனைக் கழற்றிவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான நீரின் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே இயந்திரத்திற்குத் திரும்பும். குளிர்ந்த காலையிலோ, இயந்திரம் வேண்டிய சூட்டை அடையாமல் ஓடித் தேய்மானமும் டீசல் செலவும் கூடும். ஆகவே, ஐயமிருந்தால் அதனைச் சோதித்துப் பார்க்க வேண்டுமேயன்றி எறியலாகாது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டி அதில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் ஏற்றுங்கள். அதன்மேல் பொறித்த டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கி, மேலும் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குள் முழுவதும் திறந்தால், அது நல்ல பொருள். பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தொங்கவிடுதல் முக்கியம்.

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதிலிருந்து நீர் சொட்டினால் உள்ளிருக்கும் சீல் தேய்ந்துவிட்டது என்பது பொருள். சொட்டுகிறதே என்று அத்துளையை அடைத்துவிடுகிறவர்களை நாம் கண்டிருக்கிறோம். அடைத்தால் நீர் பேரிங்கினுள் புகுந்து அதனையும் அழித்துவிடும். விசிறியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் தெரிந்தால், பம்பை உடனே கழற்ற வேண்டும். ஆடும் விசிறி ஒருநாள் ரேடியேட்டரையே கிழித்துவிடும்.

இனி, நம் கதைக்குத் திரும்புவோம். "பாரத்தோடு விரைந்து போகும்போதும் ஏற்றத்திலும்தான் சூடேறுகிறது, ஊருக்குள் நன்றாகவே இருக்கிறது" என்று ஓட்டுநர் விடை கூறினார். அதை நாம் தெலுங்கில் எடுத்துரைத்தோம். மேஸ்திரி இயந்திரம் ஆறும்வரை பீடி குடித்துக் காத்திருந்தார். பிறகு நீர் நிரப்பிக் கிளப்பச் சொல்லி, தாம் குனிந்து கீழ் ஹோஸைப் பார்த்துக்கொண்டே, "ஆக்சிலேட்டரை அழுத்து" என்று சைகை காட்டினார். இயந்திரத்தின் வேகம் கூடக்கூட, அந்தத் தடித்த ரப்பர் குழாய், உறிஞ்சிய இளநீர்க் குழல் போல் சப்பி ஒட்டிக்கொண்டது! வேகத்தைக் குறைத்ததும் மீண்டும் உப்பியது.

கீழ் ஹோஸ் பம்பு இழுக்கும் பக்கத்தில் இருப்பது. வேகத்தில் பம்பு வலிந்து இழுக்கும்போது அது சப்பாமலிருக்க, உள்ளே ஒரு கம்பிச் சுருளை வைத்திருப்பார்கள். அந்த லாரியில் அச்சுருள் துருப்பிடித்துத் தூளாகிவிட்டிருந்தது. மெதுவாகப் போகும்போது நீர் ஓடியது. விரைந்தால் வழியே அடைபட்டது. நிற்கும் வண்டியில் எந்தப் பட்டறையிலும் இது புலப்படவில்லை. ஏனெனில் எவரும் வேகத்தைக் கூட்டிப் பார்க்கவில்லை. சிலிண்டர் தலையைக் கழற்றத் தேவையே இல்லாமல் போயிற்று. ஹோஸின் விலை, கேட்ட தொகையில் நூற்றில் ஒரு பங்குகூட இராது.

ஆனால் மேஸ்திரி அத்தோடு விட்டுவிடவில்லை. "சுருளைத் தின்ற துரு, மற்றவற்றை மட்டும் விட்டுவைத்திருக்குமா?" என்று கேட்டு, அடித்தொட்டியின் குழாயைத் திறந்தார். வந்த நீர் செம்மண் குழம்பு போல் இருந்தது. ரேடியேட்டர் சூடாயிருக்கும்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டு முகப்பில் கையால் தடவிப் பார்க்கும்படி நம்மிடம் சொன்னார். சில இடங்கள் சுட்டன. சில இடங்கள் குளிர்ந்திருந்தன. குளிர்ந்த இடங்களில் குழல்கள் அடைபட்டிருக்கின்றன. சுடுநீர் அங்கே வரவே இல்லை. இச்சோதனையை விசிறி நின்ற பின்னரே செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

இவ்வளவிற்கும் காரணம், ஆண்டுக்கணக்கில் கண்ட இடத்தில் கண்ட நீரை ஊற்றியதுதான். தக்காணத்துப் பாறைப் பூமியின் ஆழ்துளைக் கிணறுகளில் கிடைக்கும் நீர் பல இடங்களில் கடின நீர். வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் வெண்மையாகப் படிகிறதே, அதே உப்புப் படலம் இயந்திரத்தின் உள்ளும் படிகிறது. வெப்பத்தைக் கடத்துவதில் இரும்பைவிட அப்படலம் பற்பல மடங்கு மந்தமானது. வெளியே அளவுமானி எண்பது டிகிரி காட்டும்போதே, படலத்திற்கு அப்பால் சிலிண்டர் தலை வெந்துகொண்டிருக்கக் கூடும்.

இதனைத் திருவெறும்பூரிலும் ராமச்சந்திராபுரத்திலும் வேலை செய்யும் நம் தமிழன்பர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொதிகலனுக்குள் செல்லும் நீரை உப்பு நீக்கித் தூய்மை செய்த பின்னரே அனல்மின் நிலையங்களில் உள்ளே விடுகிறார்கள். குழாயில் உப்புப் படிந்தால் அவ்விடம் சூடு மிஞ்சி வெடித்துவிடும் என்பது அங்கே பாலபாடம். மின் நிலையத்திற்குப் பொருந்தும் அந்த நியாயம், அதே தெருவில் நிற்கும் நம் லாரிக்கும் பொருந்துமன்றோ?

ஆதலின் ரேடியேட்டரில் ஊற்றுதற்குரியது, காய்ச்சி வடித்த நீரோடு உரிய அளவு கலந்த கூலன்ட். பனி உறையாத ஊரில் அது எதற்கு என்று கேட்பர். உறைவதைத் தடுப்பது அதன் ஒரு பணியே. துருவைத் தடுப்பதும், கொதிநிலையைச் சில டிகிரி உயர்த்துவதும் வெப்ப நாட்டிற்கு வேண்டிய பணிகள். மற்றொன்றும் உண்டு. கனரக டீசல் இயந்திரங்கள் பலவற்றில் நீர் நேரே லைனரைத் தொட்டு ஓடுகிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் லைனர் நுண்ணிதாக அதிர்கிறது. அவ்வதிர்வில் அதன் வெளிப்புறத்தே நுண்குமிழிகள் தோன்றி உடைந்து, இரும்பைக் குழி குழியாக அரிக்கின்றன. நாளடைவில் லைனர் துளைபட்டு நீர் எண்ணெயில் கலந்துவிடும். டீசலுக்கென்று செய்த கூலன்டில் உள்ள மருந்துப் பொருள்கள் இவ்வரிப்பைத் தடுக்கின்றன. இருவகைக் கூலன்டுகளை ஒன்றோடொன்று கலவாதிருங்கள். அது இனிக்கும் நஞ்சாதலால், குழந்தைகளும் கால்நடைகளும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

படிந்த உப்பை நீக்க, அதற்கென்று விற்கும் கரைசலை ஊற்றி, அதன்மேல் எழுதிய நேரம் வரை ஓட்டி, வடித்துவிட வேண்டும். பின்னர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நீர் ஓடும் திசைக்கு எதிராகக் குழாய் நீரைச் செலுத்தித் தெளிந்த நீர் வரும்வரை கழுவ வேண்டும். பாத்திரம் தேய்க்கும் கடுந்திராவகங்கள் ஆகா. அவை உலோகத்தையே தின்றுவிடும். குழல்கள் முற்றிலும் அடைபட்டிருந்தால், செம்பு பித்தளை ரேடியேட்டரின் தொட்டியைக் கழற்றி, குழல்களில் தகட்டுக் கம்பியைச் செலுத்தி அடைப்பை நீக்கி, மீண்டும் ஈயம் பற்றவைத்துத் தருகிற தொழிலாளர் உள்ளனர். ஒழுக்கை நிறுத்த மஞ்சள்பொடியைக் கொட்டுவது சாலையோரத்துக் கைமருந்து. அடுத்த ஊர் சேரும்வரை அது உதவக்கூடும். உள்ளேயே விட்டுவிட்டால் குழல்களை அடைக்கும்.

உள்ளே மறைவாக நீர் குறைகிறதா என்பதற்கும் எளிய அடையாளங்கள் உண்டு. காலையில் ஆறிய இயந்திரத்தில் மூடியைத் திறந்து வைத்துக் கிளப்பினால், ரேடியேட்டரில் இடைவிடாது குமிழிகள் வருமாயின், கேஸ்கட்டின் வழியே வாயு நீருக்குள் புகுகிறது என்று கொள்ளலாம். எண்ணெய்க் கோலில் பால் கலந்த காப்பி போன்ற நிறம் தெரிந்தால், எண்ணெயில் நீர் கலந்துவிட்டது. அதன்பின் ஒரு கல் தொலைவும் ஓட்டலாகாது. தலைப்பகுதியைக் கழற்ற நேர்ந்தால், நேர்விளிம்புக் கோலை வைத்து அது வளைந்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே புதிய கேஸ்கட்டை இட வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, கையேட்டில் குறித்த அளவிற்கு டார்க் ஸ்பானரால் படிப்படியாக இறுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் அதே வேலை மீண்டும் வந்து சேரும்.

இறுதியாக, சாலையில் செல்லும்போதே முள் ஏறத் தொடங்கினால் செய்யத்தக்கவை எவை? நீர் ஒழுகாமல் சூடு மட்டும் ஏறுகிறதென்றால், பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி, நியூட்ரலில் இயந்திரத்தைச் சற்றே வேகமாகச் சில நிமிடம் ஓடவிடுங்கள். விசிறியும் பம்பும் தேங்கிய வெப்பத்தை அகற்றும். நீரே போய்விட்டது, ஆவி பீறுகிறது என்றால், அக்கணமே நிறுத்திவிடுங்கள். எந்நிலையிலும் சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறவாதீர்கள். அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர், மூடி அகன்ற நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். இதனால் கண்ணையும் முகத்தையும் இழந்தவர்கள் உண்டு. அரைமணி நேரமேனும் காத்திருந்து, மேல் ஹோஸ் கைக்குத் தளர்வாக அழுந்திய பின், தடித்த ஈரத்துணியை மூடியின்மேல் போட்டு, முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு, முதற்கட்டம் வரை மட்டும் திருகி, ஆவி போகவிட்டுப் பிறகு திறக்க வேண்டும். கொதிக்கும் இயந்திரத்தில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். ஆறிய பின், இயந்திரத்தை மெல்ல ஓடவிட்டுச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். நிரப்பிய பின் உள்ளே காற்று தங்கியிருக்கும். சிறிது தூரம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடியும் மட்டம் பாருங்கள்.

கிளீனராக உடன்வரும் இளைஞர்களுக்கு இதனை முதல்நாளே சொல்லிக்கொடுப்பது ஓட்டுநர்களின் கடமை. மூடியைத் திறக்கும் வேலையை அவர்களிடம் ஏவிவிட்டுத் தாம் தேநீர் அருந்தப் போகும் வழக்கம் அறவே ஒழிய வேண்டும்.

அந்த நாமக்கல் லாரி மறுநாள் மாலை புறப்பட்டது. புதிய ஹோஸ் இட்டு, ரேடியேட்டரைக் கழுவி, தெர்மோஸ்டாட்டையும் மாட்டி, கூலன்ட் நிரப்பினார்கள். பாரம் ஒரு நாள் தாமதமானதற்கு அவர் வாடகையில் கொஞ்சம் இழக்கத்தான் நேர்ந்தது. ஆயினும், "வளையலை வைக்கவேண்டாம்" என்று அவர் வீட்டிற்குத் தொலைபேசியில் சொல்லியபோது நாம் அருகில் இருந்தோம். பையன், பாட்டரிக் கடையில் வாங்கிய வடித்த நீர்க் குடுவைகளை இருக்கைக்கு அடியில் அடுக்கிக்கொண்டிருந்தான். மேஸ்திரி கூலி வாங்கிக்கொண்டு அவனைப் பார்த்து, "வேடி லேது" என்றார். சூடு இல்லை என்பது அதன் பொருள். இம்முறை அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

வெளி மாநிலச் சாலைகளில் வண்டியோட்டும் தமிழன்பர்களே! மொழி புரியாத ஊரில் வண்டி நின்றுவிட்டால், மனம் கலங்கிக் கேட்ட தொகையைக் கொடுத்துவிடத் தோன்றும். அப்போது நீங்களே உங்களை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்: எப்பொழுது சூடேறுகிறது? நிற்கும்போதா, ஓடும்போதா, கிளப்பியவுடனா? அதன் விடையை எந்த ஊர் மேஸ்திரியிடமும் அரைகுறை மொழியில்கூடச் சொல்லிவிடலாம். அவ்விடை கையிலிருந்தால், வேண்டாத உறுப்புகளை மாற்றும் செலவில் பெரும்பகுதி உங்களுக்கு மிச்சம்.